ரிங் போச்சு, தம்பி!

போன சித்திரையில், ரங்கநாதர் தேருக்கு முதல் நாள் சாயங்காலம், எங்கள் வீதியில் நின்ற வண்டிகளையெல்லாம் எடுக்கச் சொல்லி மைக்கில் கத்திக்கொண்டு போனார்கள். தை மாசத்துத் தேர் உத்திர வீதியோடு போய்விடும், எங்களுக்குக் கவலையில்லை. சித்திரைத் தேர் சித்திரை வீதியில் வரும். அதாவது எங்கள் வாசல் வழியாக. எல்லா வண்டியும் போயிற்று, ஒன்றைத் தவிர. காலையில்தான் ஜங்ஷன் வரை போய் உறவுக்காரர்களை ஏற்றி வந்திருந்தது. சாயங்காலம் செல்ஃப் அடித்தால் 'கிர்ர்ர்' என்று சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. கடைசியில் எங்கள் வகுப்புப் பசங்க மூணு பேரும் நானும் தள்ளிக்கொண்டு போய் ஒரு சந்தில் சொருகினோம். பாட்டி திண்ணையிலிருந்து, "பெருமாளுக்கே வழி விடாத வண்டிடா இது!" என்றாள். தள்ளிய மூணு பேரும் இதைப் படிப்பார்கள். மறுபடியும் நன்றி மக்கா :-)

வண்டி, தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மார்க் 3, நாலு கதவு, 1970 மாடல். அவர் 1978-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தேர் முடிந்த மறுநாள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். பேர் வேண்டாம். கெட்டவர் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "ரிங் போச்சு, தம்பி. எஞ்சினை இறக்கணும். ரீபோர், பிஸ்டன், எல்லாம் சேத்து 60 ஆயிரம் ஆகும். சாமான் கெடைக்கிறதே கஷ்டம்." இந்தப் பரிசோதனைக்கு ஆன நேரம் மொத்தமே மூணு நிமிஷம்.

பெரியப்பா உடனே, "60 ஆயிரமா? காயலான் கடையில போட்டா அவன் நமக்குத் தருவான்" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். நான் ஒரு மாசம் டைம் கேட்டேன். செமஸ்டர் லீவு, கையில் ஒரு ஸ்பேனர் செட், மெக்கானிக்கல் படிக்கிறேன் என்கிற திமிர். இவ்வளவுதான் முதலீடு.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ட்ரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. அதையே 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. 948 சிசி, நாலு சிலிண்டர். 70-களில் இதன் தம்பியாக கேசல் வந்தது. 1988-ல் தொழிற்சாலையே மூடிவிட்டார்கள். "ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கேன்னு பீலா விடறான்" என்று வகுப்பில் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கும் பதில் இருக்கிறது. 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், நிஜ ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. அது ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, இதே எஞ்சினைப் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் போட்டுச் செய்ததுதான். சோழவரம் ரேஸில் ஹெரால்டுகளே ஓடியிருக்கின்றன. ஆக எங்கள் வீட்டில் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் காரின் அக்கா. இதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு. ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் 60 வருஷமாக இந்த எஞ்சினை வீட்டிலேயே பிரித்து மேய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் நமக்கும் பொருந்துகிறது.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். ஹெரால்டின் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாவற்றோடும் வண்டியின் மூக்கு முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்துவிடும். எஞ்சின் அம்போவென்று வெளியே நிற்கும். முன் டயர் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இப்போது வரும் கார்களில் பிளக்கைப் பார்க்கவே மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவேண்டும். இதில் பாட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, "அந்தச் செவப்பு ஒயர் ஆடறதேடா" என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டர் பிளக் எது என்று மாறிவிடாமல், பேப்பர் மேல் வரிசையாக வைத்தேன். நாலும் கறுப்பு. ஆனால் விரலால் தேய்த்தால் கரியாக உதிர்கிறது. ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறினால் பிளக் ஈரமாக, பிசுபிசுவென்று பளபளக்கும். இது காய்ந்த கரி. பெட்ரோல் அதிகமாக வந்தாலோ, ஸ்பார்க் பலவீனமாக இருந்தாலோ வருவது. ரிங்குக்கு எதிரான முதல் சாட்சி கிடைத்துவிட்டது. செலவு, ஒரு பழைய பேப்பர்.

அடுத்தது கம்ப்ரஷன். சீனியர் ஒருவரிடம் கேஜ் இரவல். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, காயில் ஒயரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி (மிதித்தது தங்கை) செல்ஃப் அடித்துப் பார்க்கவேண்டும். 120, 115, 70, 118. மூணாவது மட்டும் படுத்துவிட்டது. இங்கே நிறுத்தியிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொரு படி இருக்கிறது. அந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அளவு ஏறும். ஏறாவிட்டால் காற்று வேறு வழியாக, அதாவது வால்வு வழியாகவோ ஹெட் கேஸ்கெட் வழியாகவோ போகிறது. ஆயில் விட்டேன். 70, 72-க்கு வந்தது. பக்கத்து சிலிண்டர்கள் நன்றாக இருப்பதால் கேஸ்கெட்டை இப்போதைக்கு ஒதுக்கலாம். மிச்சம் வால்வு.

ஹெட் மேல் மூடியைக் கழற்றி டேப்பெட் இடைவெளி பார்த்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 10 தௌ, அதாவது 0.25 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இதைப் பார்க்க ஓர் அழகான கணக்கு உண்டு, நம் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. எட்டு வால்வு. எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ, அதோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வை அட்ஜஸ்ட் பண்ணலாம். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. நாலாவதைத் திறந்து வைத்து ஐந்தாவதுக்கு வந்தேன். அதுதான் மூணாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட். 10 தௌ என்ன, மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லை! வால்வு முழுசாக மூடவே முடியாமல், கதவிடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரி நின்றிருக்கிறது.

ஏன் இப்படி? இதற்குப் பதில் 25 வருஷத்துக்கு முன்னால் இருக்கிறது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம், அந்த ஈயம் குழந்தைகள் மூளைக்கு விஷம். ஆனால் பழைய எஞ்சின்களில் அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் இருப்புக்கும் நடுவே மெல்லிய மெத்தை மாதிரி இருந்தது. அது போனபிறகு வால்வு சூட்டில் தன் இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு அதற்குள்ளேயே இறங்குகிறது. இறங்க இறங்க டேப்பெட் இடைவெளி சுருங்கும். அடிக்கடி பார்த்துச் சரிசெய்தால் ரொம்ப வருஷம் ஓட்டலாம். பார்க்காமல் விட்டால் இந்தக் கதி. எட்டையும் சரியாக வைத்துவிட்டு மறுபடி கேஜ் போட்டேன். மூணாவது சிலிண்டர் 110. தாத்தாவிடம் காட்டினேன். அவர் கேஜைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது தற்பெருமைப் பதிவாகிவிடும். ஆகவில்லை, ஏனென்றால் அடுத்த பத்து நாள் நான் செய்தது அப்பட்டமான முட்டாள்தனம்.

வண்டி காலையில் சமர்த்தாகக் கிளம்பும். அம்மாமண்டபம் தாண்டி, மாம்பழச்சாலை சிக்னலில் நின்று, காவிரிப் பாலம் ஏறி நடுப் பாலத்துக்கு வந்ததும் செத்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் உயிர் வரும். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது: பெட்ரோல் ஆவியாகுது, கார்புரேட்டர் அடைப்பு, பம்பு மேல ஈரத்துணி போடு. நானும் போட்டேன். பிறகு கார்புரேட்டர் கிட் வாங்கினேன், 1,400 ரூபாய். பிரித்து, கழுவி, மாட்டி, பாலத்துக்குப் போனால்... அதே நடுப் பாலம். காவிரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. மெக்கானிக் மூணு நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னார் என்று கிண்டல் செய்தேனே, நான் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லையே! கிட் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். செத்த அந்த நொடியில் இல்லாமல் போவது பெட்ரோலா, ஸ்பார்க்கா?

மறுநாள் டேஷ்போர்டில் ஒரு உதிரி பிளக்கும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு போனேன். வழக்கமான இடத்தில் நின்றது. கார்புரேட்டர் மேல் மூடியைத் திறந்தால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் தளும்புகிறது. உதிரி பிளக்கை ஒயரில் சொருகி எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி வைத்து, தங்கையை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஸ்பார்க் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளாக, சோம்பலாக ஒரு பொறி. அரை மணி கழித்து நீலமாக, 'டிக்'கென்று. முடிந்தது கதை. குற்றவாளி பெட்ரோல் பக்கமே இல்லை.

கண்டென்சரா, காயிலா என்று குழம்பிப்போய், பாலக்கரையில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டி நின்றதும் அவர் முதலில் செய்தது, காயில் மேல் புறங்கையை வைத்துச் சட்டென்று எடுத்ததுதான். "தம்பி, இது எந்த வண்டிக் காயில்?" நான் முழித்தேன். மீட்டரை எடுத்து இரண்டு சின்ன முனைகளிலும் வைத்தார். 1.5 ஓம். "உன் வண்டிக்கு 3 இருக்கணும்" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஓம் விதி போதும், பத்தாம் வகுப்புப் பாடம். 12 வோல்ட்டை 3 ஓமில் விட்டால் 4 ஆம்பியர். 1.5 ஓமில் விட்டால் 8. பின்னாளில் வந்த பல கார்களில், ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் பலமான ஸ்பார்க் வேண்டும் என்பதற்காகக் குறைந்த ஓம் காயில் போட்டு, ஓடும்போது கரண்டைக் குறைக்க வெளியே தனியாக ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஹெரால்டில் அந்த ரெசிஸ்டர் கிடையாது. எங்கள் காயில் இரண்டு மடங்கு கரண்ட்டைக் குடித்துக் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்த காயிலின் உள்சுற்று கைவிட்டுவிடும், ஆறினால் திரும்பும். கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், வெளி ரெசிஸ்டரோடுதான் பயன்படுத்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அதன் உடம்பிலேயே அச்சடித்திருக்கிறது!

வீட்டுக்கு வந்து தாத்தாவின் பில் ஃபைலைப் புரட்டினேன். (அவர் 1978-லிருந்து ஒரு பில்லையும் தூக்கிப் போட்டதில்லை. பாட்டிக்கு இதில் தனி மனத்தாங்கல்.) இரண்டு வருஷம் முன்பு ஒரு ஒர்க் ஷாப் பில்: "மிஸ்ஸிங் கம்ப்ளெயின்ட். காயில் 1, பாயிண்ட் 1 செட், பிளக் 4." அதற்கு முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு பாயிண்ட் செட். அந்த பில்லுக்குப் பிறகு இரண்டு வருஷத்தில் நாலு செட். 8 ஆம்பியர் பாய்ந்தால் பாயிண்ட் கருகாமல் என்ன செய்யும்? அப்போது மிஸ்ஸிங் வந்ததற்குக் காரணமும் இப்போது எனக்குத் தெரியும். மூணாவது சிலிண்டரின் இறுகிப்போன டேப்பெட்டாகத்தான் இருக்கவேண்டும். அதற்கு மருந்து ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும். கொடுத்த மருந்து புது காயில். அந்தக் காயில் புது நோயைக் கொண்டுவந்தது. அந்த நோய்க்கு நான் கார்புரேட்டர் கிட் வாங்கினேன். அதற்கும் முன்பே எஞ்சினையே இறக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கும் மேலே காயலான் கடை. ஒரு நட்டை அரைத் திருகு திருப்பாததில் ஆரம்பித்த ஊர்வலம் இது.

இப்போது என் கருத்து. மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம், நானும் முதலில் திட்டினேன். ஆனால் அவர்கள் பக்கம் யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போனால் பார்த்ததற்கே ஃபீஸ் கொடுக்கிறோம். மருந்துச் செலவு தனி. மெக்கானிக் இரண்டு மணி நேரம் பிளக், கம்ப்ரஷன், டேப்பெட் என்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் மாத்த வேணாம் சார், ஒரு நட்டை டைட் பண்ணேன், 800 ரூபா" என்றால் கொடுப்போமா? "எதுவுமே போடலையே, எதுக்கு 800?" என்று சண்டை போடுவோம். அதே ஆள் 2,000 ரூபாய்க்குக் காயிலைப் போட்டு 300 கூலி கேட்டால் வாயை மூடிக்கொண்டு தருவோம். நம் ஊர் பில் புத்தகத்தில் சாமானுக்கு வரி இருக்கிறது, கூலிக்கு வரி இருக்கிறது, கண்டுபிடித்ததற்கு வரியே இல்லை. காசு இல்லாத வேலையை அவர் எதற்குச் செய்யவேண்டும்? மூணு நிமிஷத் தீர்ப்பு அவருடைய சோம்பேறித்தனம் இல்லை, நம்முடைய கஞ்சத்தனம். அதுவும் சாயங்காலமே வண்டி வேண்டும் என்று தலைமேல் நிற்போம்.

"அதெல்லாம் பழைய வண்டிக்குடா, இப்ப ஸ்கேனர் சொருகினா சொல்லிடும்" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் வாதம் பண்ணினான். ஸ்கேனர் என்ன சொல்லும்? பி0302 என்று காட்டும். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அது சொல்லாது. அங்கேயும் காயிலைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். நோட்டில் கார்னோ சைக்கிளும் ஆட்டோ சைக்கிளும் வரைந்து வரைந்து எனக்குக் கை தேய்ந்துவிட்டது. மூணு வருஷத்தில் ஒரே ஒருமுறையாவது, கெட்டுப்போன எஞ்சினைக் கொடுத்து "ஏன் ஓடவில்லை, எதையும் மாற்றாமல் சொல்" என்று ஒரு லேப் பரீட்சை வைத்தால் என்ன? லேபில் எஞ்சின்கள் இருக்கின்றன. எல்லாமே ஓடுபவை, அதுதான் பிரச்சினை.

வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்றும் கேட்டார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. நம்பர் தருவார்கள். ஆனால் அதற்குப் பிறகு கண்காட்சி, ரேலி, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். பாட்டியைச் சமயபுரம் கூட்டிப்போக முடியாது. எனவே பாட்டி வீட்டோ.

பாய் எதிர்க்கடையில் வாங்கச் சொன்ன 3 ஓம் காயிலை நானே மாட்டினேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். பாலத்தை மூணு முறை போகவர ஓட்டினேன், நிற்கவில்லை. திரும்பிப் போய், "எவ்வளவு பாய்?" என்றேன். "நான் என்னப்பா மாட்டினேன், காசு வாங்கறதுக்கு?" என்றார். கட்டாயப்படுத்தி 300 கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தாத்தா ஃபைலை எடுத்து, பில் இல்லாததால் ஒரு வெள்ளைத் தாளில் தானே எழுதிச் செருகினார். "காயில் 1." அதற்குக் கீழே, "கண்டுபிடித்த கூலி, ரூ. 300."

பி.கு.: கார்புரேட்டர் கிட் முழுக்க வீண் இல்லை. பிரித்தபோது ஃப்ளோட் அறையில் கறுப்பாகப் பொடிப் பொடியாக ரப்பர் கிடந்தது. பெட்ரோல் ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்சுவர் தோல் உரிந்திருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. அந்தத் துணுக்குகள் நீடில் வால்வில் சிக்கி பெட்ரோல் அதிகமாகப் போனதும் பிளக் கறுத்ததற்கு ஒரு காரணம். பழைய கார், பழைய ஸ்கூட்டர் எது வைத்திருந்தாலும் முதலில் ஹோஸைப் பாருங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், மீட்டருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஒழுகினால் கீழே இருப்பது சூடான எக்ஸாஸ்ட். இதற்கு மட்டும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பி.கு. 2: டைனமோவில் புதிதாக ஒரு சத்தம். மூணு பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவும். தள்ளுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. பாட்டி அடை வார்க்கிறாளாம்.